சுவிச்சில் வைத்த சந்தனப் பொட்டு

ஒரு ஈ உள்ளே போனாலும் எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது உண்மைதான். சொல்லும்போது என் கையில் ஒரு வடை இருந்தது. கையில் வடையும் எதிரில் கேட்க ஆளும் இருந்தால் நான் எதையும் சொல்லிவிடுவேன். இது பிறவிக் குணம். தலை நரைத்த பிறகும் மாறவில்லை.

சொன்னது ஒரு கணினியைப் பற்றி. கேட்டவர் அதன் சொந்தக்காரர்.

யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்குக் கிட்ட, ஒரு அம்மன் கோயிலின் மதிலோடு ஒட்டிய வீட்டு வளவு அவருடையது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், ஊருக்கே அவர் ‘சேர்’. மின்சாரம் இருந்த கடைசி வருஷத்தில் கொழும்பிலிருந்து கணினி ஒன்றை இறக்கி, வளவுக்குள் இருந்த மண்டபத்தில் வகுப்புத் தொடங்கினார். தொடங்கிக் கொஞ்ச நாளில் சண்டையால் குடாநாட்டுக்கே மின்சாரம் நின்றது. சேர் நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்றை வாங்கினார். அதை மேய்க்க, குருநகரில் படகு எஞ்சின் திருத்திய ஒருவரைப் பிடித்தார். கடலுக்குப் போகத் தடை வந்து படகுகள் கரையில் காய்ந்துகொண்டிருந்தபடியால் அந்த மனுசன் எங்களிடம் கரை ஒதுங்கினார். எங்களுக்கு அவர் எஞ்சின் அண்ணை. படிப்பிக்க இரண்டு பேர்: உடுப்பிட்டியிலிருந்து வந்து தங்கையோடு அறை எடுத்திருந்த ரீச்சர், அடுத்தது நான்.

சேரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் அந்தக் கணினியைத் தொட்டதில்லை. பெற்றோருக்கு முன்னால் நின்று வரப்போகிற நூற்றாண்டைப் பற்றி முழங்குவார்; ஆனால் விசைப்பலகைக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார், மூலஸ்தானத்துக்கு முன் நிற்பது மாதிரி. “நான் தொட்டா உது வெடிச்சுப்போடும்” என்பார். நாங்களும் சிரித்துவிட்டு விடுவோம்.

என் வீராப்புக்குக் காரணம் ஒரு புத்தகம். யாழ்ப்பாண ரவுணில் பழைய புத்தகங்களை நிறுத்து விற்ற ஒருவரிடம் கிடைத்தது. ஆங்கிலம், கணினிப் பாதுகாப்பு. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் அமெரிக்கக் கணினிகளுக்காக எழுதியது. எங்களிடம் இருந்தது ஒன்று. அதுவும் மண்ணெண்ணெய் இருந்தால். ஆனாலும் ஒரு அத்தியாயம் என்னை விழுத்திவிட்டது. கள்ளன் வராமல் தடுப்பது ஒரு வேலை, வந்துவிட்டான் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை என்றது அது. நான் அதை என் பாஷையில் விளங்கிக்கொண்டேன்: பூட்டு குரைக்காது. குரைக்க நாய் வேண்டும்.

அந்த நாயை எப்படி வளர்ப்பது? முதலில் வழக்கத்தைப் படி என்றது புத்தகம். எந்த நேரம் கணினி எழும்புகிறது, யார் எப்போது உட்காருகிறார், எந்தக் கோப்பு எவ்வளவு பெரியது என்று வழக்கம் தெரிந்தவனுக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். அடுத்தது, கணினி தன் நாட்குறிப்பைத் தானே எழுத வேண்டும், வந்தவனுக்குத் தெரியாத இடத்தில். உண்மையான கோப்புகளின் பிரதி ஒன்று கணினிக்கு வெளியே இருக்க வேண்டும், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க. இவ்வளவும் நல்லது. அதன் பிறகு, “மணி அடித்ததும் முதலில் செய்ய வேண்டியது” என்ற வரியோடு புத்தகம் முடிந்திருந்தது. மிச்சப் பக்கங்கள் கச்சான் கடலை சுற்றப் போயிருந்தன.

இருந்ததை வைத்துக்கொண்டு இறங்கினேன். கணினி எழும்பும் ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் ஒரு மறைவான கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். கோப்புகள் எல்லாவற்றையும் பிளொப்பி ஒன்றில் பிரதி எடுத்து, பொலித்தீனில் சுற்றி, என் சாப்பாட்டுப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். கீழ்த்தட்டில் பிட்டு. உலகத்திலேயே சம்பல் மணக்கும் பாதுகாப்புப் பிரதி என்னிடம்தான் இருந்திருக்கும்.

நாய் முதல் கிழமையே குரைத்தது. ஒரே காலையில் இரண்டு முறை கணினி எழும்பியதாக நாட்குறிப்பு சொன்னது. நான் போட்ட சத்தத்தில் சேர் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவந்தார், எஞ்சின் அண்ணை ஸ்பானரோடு ஓடிவந்தார். விசாரித்துப் பார்த்தால், காலையில் ஜெனரேற்றர் ஒருதரம் இருமி நின்றிருக்கிறது. அணைந்த கணினியை மறுபடி போட்டது நான்தான். போட்டதை மறந்ததும் நான்தான்.

எஞ்சின் அண்ணை என் தோளில் கை வைத்தார். “சேர், கள்ளனைப் பிடிச்சாச்சு. கட்டி வைக்கிறதோ, விடுறதோ?”

“விடும். சம்பளத்துக்கு நிக்கிற கள்ளன்” என்றார் சேர்.

பொய்யாய் “புலி வருது” என்று கத்திய இடையனின் கதையை எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் உரத்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்கும்படியாக அதை மெல்லச் சொன்ன ஆட்கள் இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் கேள்வித்தாள் வந்தது. கோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான முன்னோடிப் பரீட்சை. சாதாரண தரப் பெரிய சோதினைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம். கையெழுத்துப் பிரதி சேரின் கைக்கு வந்தது. நாங்கள் கணினியில் அடித்து, ஸ்ரென்சில் எனும் மெழுகுத்தாளில் வெட்டிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதை றோனியோ இயந்திரத்தில் உருட்டிப் பிரதிகள் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாளில் தாளும் ஸ்ரென்சிலும் தடைப் பொருட்கள் மாதிரி. ஒருமுறை வெட்ட மட்டும்தான் தேடிப் பிடித்திருந்தார்கள். மறுமுறைக்கு இல்லை.

சேர் என்னைக் கூப்பிட்டார். வழக்கமான பகிடி முகத்தில் இல்லை.

“தம்பி, உது சோதினைக்கு முதல் வெளியிலை போனா, வேறை தாள் அடிக்க ஸ்ரென்சில் இல்லை. பிள்ளையள் ஒரு பழக்கமுமில்லாமல்தான் பெரிய சோதினைக்குப் போக வேணும். விளங்குதோ?”

“விளங்குது சேர்.”

“போச்சுதெண்டா இந்த மண்டபத்தைப் பூட்டவேண்டியதுதான். பிறகு உமக்கும் வேலையில்லை, எனக்கும் மரியாதையில்லை.”

அப்போதுதான் எனக்கு முன்னால் வடைத் தட்டம் இருந்தது. அப்போதுதான் நான் அந்த ஈயைப் பற்றிச் சொன்னேன்.

தாளை அடித்து முடிக்க நவராத்திரியின் கடைசி நாட்கள் வந்துவிட்டன. ஸ்ரென்சில் பூசை முடிந்த பிறகுதான் வரும் என்றார்கள். அதுவரை தாள் கணினிக்குள் கிடக்க வேண்டும். பிளொப்பியில் மட்டும் வைக்கலாம்தான். ஆனால் பிளொப்பிகள் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போகிற காலம் அது, ஒற்றைப் பிரதியை நம்ப முடியாது. ஆகவே கணினியில் ஒன்று, பிட்டுக்கு மேல் ஒன்று. கணினிக்கென்று பூட்டு எதுவும் கிடையாது. மண்டபத்துக்கு ஒரு பூட்டு. அதற்கு என்னிடம் ஒரு சாவி, ரீச்சரிடம் ஒரு சாவி. மூன்றாவது ஒன்று சேரின் சாமியறையில் ஆணியில் தொங்கியது. அதைச் சாமியின் பங்காக நினைத்து நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு கணினியையும் அடுக்கினோம். மஞ்சள் துணி போர்த்தோம். திரைக்கு மூன்று குறி திருநீறு. விஜயதசமி முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்பது சாத்திரம். எனக்கு அது சாத்திரத்தோடு பாதுகாப்பும். கடைச் சந்தனத் தூளைத் தண்ணீரில் குழைத்து, சுவிச்சின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். சுவிச்சிலும் பெட்டியிலும் பாதிப் பாதியாய்ப் படும்படி. காய்ந்த பிறகு யாராவது அதை அமத்தினால் பொட்டு வெடிக்கும். பக்தியும் உளவும் ஒரே விரலில். பொட்டு கோணலாய்ப் போனது, என் எழுத்து மாதிரி.

விஜயதசமிக்கு மறுநாள் காலை வந்தேன். துணி கலையாமல் இருந்தது. கும்பிட்டு எடுத்தேன். சுவிச்சைக் குனிந்து பார்த்தேன். பொட்டு வெடிக்காமல் இருந்தது. எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு எஞ்சின் அண்ணைக்குக் குரல் கொடுத்தேன். ஜெனரேற்றர் முக்கி முனகி எழும்பியது. கணினி எழும்பியது. பழக்கத்தில் நாட்குறிப்பைத் திறந்தேன்.

கடைசி வரி இன்றையது. அதற்கு மேல் வரி பூசைக்கு முந்திய நாளாய் இருக்க வேண்டும். இல்லை. நேற்று. விஜயதசமி காலை.

நான் மிக வேகமாக எழுந்துபோய்க் கதவைப் பூட்டினேன், வந்தவன் வந்துபோய் ஒரு நாள் ஆன பிறகு. பூட்டிவிட்டு மேசைக்குக் கீழே பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணினியின் மணிக்கூடு பிழையாய் ஓடியிருக்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. பார்த்தேன், சுவர் மணிக்கூட்டோடு அச்சொட்டாய் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நல்ல மணிக்கூட்டை நான் அதற்கு முன் வெறுத்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. சேரின் குரல்.

“தம்பி, ஸ்ரென்சில் வந்திட்டுது. மத்தியானம் பள்ளிக்கூட மாஸ்ரர் சைக்கிளிலை வருவார் எடுக்க. எப்ப தொடங்கிறீர்?”

“கொஞ்சம் பொறுங்கோ சேர். உது சூடேற வேணும்.”

“உதுவும் எஞ்சின் மாதிரியோ?”

“ஓம் சேர். கிட்டத்தட்ட.”

செருப்புச் சத்தம் இரண்டு அடி போய்த் திரும்பி வந்தது. பிறகு, “எல்லாம்... ஒழுங்காய் வேலை செய்யுதோ?” என்று கேட்டார்.

“ஓம் சேர்.”

கதவுக்கடியில் ஸ்ரென்சில் பொதியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக உள்ளே வந்து ஒரு முழம் தள்ளி நிற்கிற மனுசன் அன்றைக்கு வரவில்லை. எனக்கிருந்த கலக்கத்தில் அது நிம்மதியாய்த்தான் பட்டது. வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்கிற நிபுணன் அல்லவா நான்.

மத்தியானத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும். ஆரோ உள்ளே வந்தான் என்று சொன்னால் சோதினை நிற்கும், மண்டபம் பூட்டப்படும், என் வேலை போகும். வீட்டில் உழைக்கிறவன் நான் ஒருவன். சொல்லாமல் ஸ்ரென்சில் வெட்டிக் கொடுத்து, நாளைக்குக் கேள்விகள் சந்தியில் கச்சான் மாதிரி விலைப்பட்டால் அதைவிட மோசம். புத்தகத்தின் கிழிந்த பக்கத்தை நினைத்து, கச்சான் விற்ற ஆளை மனதாரத் திட்டினேன்.

ஜெனரேற்றர் கொட்டிலுக்குப் போனேன். கணினி ஓடவேண்டுமானால் இது ஓடியிருக்க வேண்டும். இது ஓடினால் மண்ணெண்ணெய் குறைந்திருக்க வேண்டும்.

“அண்ணை, நேத்து இதை ஆரும் ஓட்டினவையோ?”

எஞ்சின் அண்ணை எண்ணெய்க் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். “ஏன், எண்ணெய் களவு போச்சுதெண்டு சேர் சொன்னவரோ?”

“இல்லை அண்ணை, சும்மா கேட்டனான்.”

“சும்மா கேக்கிற மூஞ்சை உது இல்லை. பேயறைஞ்சமாதிரி நிக்கிறீர்.” மண்ணெண்ணெய்க் கானை இழுத்து எனக்கு முன்னால் வைத்தார். வெளிப்பக்கம் கரிக்கோடு ஒன்று போட்டிருந்தது. “பூசைக்குப் போகேக்கை போட்ட கோடு. இண்டைக்குக் காலமை பாத்திட்டுத்தான் எஞ்சினைத் தொட்டனான். அந்தோனியாராணை, ஒரு சொட்டுக் குறையேல்லை.”

“அப்ப கறண்ட் இல்லாமல் பெட்டி எப்பிடி ஓடினது?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஓடினதோ? தம்பி, அப்ப உம்மடை பெட்டிக்குப் பேய்தான் பிடிச்சிட்டுது. வேப்பிலை அடிப்பமோ, பாதரைக் கூப்பிடுவமோ? எதெண்டாலும் எனக்கு ஆக்கள் இருக்கினம்.”

சிரிக்க முயன்றேன். பல் மட்டும் வெளியே வந்தது.

பேயை விட்டால் மிச்சம் ஒரு ஆள். மனம் அங்கே போகக்கூடாது என்று நானும் இழுத்துத்தான் பிடித்தேன். ரீச்சரிடம் சாவி இருக்கிறது. ரீச்சரின் தங்கை இந்தச் சோதினை எழுதுகிறாள். அதோடு வழக்கம்: தினமும் காலையில் வந்ததும் கணினிக்கு முன்னால் உட்காருகிற ரீச்சர், தாள் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை. வெளியே மாமரத்தின் கீழ் கரும்பலகை வைத்து வாய்ப்பாடமாகவே வகுப்பை ஓட்டிக்கொண்டிருந்தா. புத்தகத்தின்படி பார்த்தால் மணி மூன்று தரம் அடித்துவிட்டது.

மாமரத்தடிக்குப் போனேன். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. ரீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தா.

“ரீச்சர், நேத்துக் காலமை எங்கை நிண்டனீங்கள்?”

துடைப்பது நின்றது. “ஏன், நீர் எப்ப பொலிஸிலை சேந்தனீர்?”

“இல்லை, கோயிலுக்கு வந்தனீங்களோ எண்டு...”

“உம்மடை வாயிலை பகிடி வரேல்லை எண்டா ஏதோ பெரிசாய் நடந்திருக்கு. சொல்லும்.”

சொல்லிவிட்டேன். நாட்குறிப்பு, நேற்றுக் காலை, குறையாத மண்ணெண்ணெய். சாவியைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. கேட்கக் கேட்க ரீச்சரின் முகம் மாறிக்கொண்டு வந்தது.

“என்னைச் சந்தேகிக்கிறீர்.”

“ஐயோ ரீச்சர்...”

“சும்மா இரும். தாள் வந்த நாளிலையிருந்து நான் ஏன் அந்தப் பெட்டியடிக்கு வாறேல்லை எண்டு ஒருக்கா யோசிச்சனீரோ? நாளைக்கு என்ரை தங்கச்சிக்கு நல்ல மாக்ஸ் வந்தா, அக்கா காட்டிக் குடுத்தவ எண்டு ஒரு சனம் கதைக்கக்கூடாது. அதுக்குத்தான் இந்த வெயிலுக்குள்ளை நிண்டு கத்துறன். அவள் ராப்பகலாய்ப் படிக்கிறாள். அவளின்ரை படிப்பிலை ஒரு கறை விழ விடமாட்டன்.”

மாமரத்தில் ஏதாவது பழம் என் தலையில் விழுந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது. மாம்பழக் காலமும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக நடந்த ஒரே நேர்மையான ஆளை நான் கள்ளன் பட்டியலில் வைத்திருந்தேன்.

“குறை நினையாதேங்கோ ரீச்சர்.”

“பிறகு நினைப்பம். இப்ப நேரமில்லை. எத்தினை மணிக்காம் பெட்டி எழும்பினது?”

நேரத்தைச் சொன்னேன். ரீச்சர் கண்ணைச் சுருக்கினா.

“உது வாக்கிய பஞ்சாங்கத்திலை பிள்ளையளுக்கு முதல் எழுத்து எழுதி ஏடு தொடக்கிற சுபநேரமல்லோ! எங்கடை வீட்டிலை திருக்கணித பஞ்சாங்கம். எங்களுக்கு அதுக்குப் பிந்தித்தான். நாங்கள் கோயிலுக்கு வரேக்கை வாக்கியக்காறர் தொடக்கி முடிச்சுப் போட்டினம்.” பிறகு என்னைப் பார்த்தா. “கள்ளன் பஞ்சாங்கம் பாத்தோ வருவான்?”

“எங்கடை ஊர்க் கள்ளன் பாப்பான் ரீச்சர்.”

“உமக்கு வாய் திரும்பி வந்திட்டுது. நல்லது. சுவிச்சைப் பாத்தனீரோ?”

“பாத்தனான். என்ரை பொட்டு வெடிக்காமல் இருக்கு.”

“அது உம்மடை பொட்டோ?”

ஓடினேன். ரீச்சர் கூடவே வந்தா. ஆனால் மண்டப வாசற்படியோடு நின்றுகொண்டா, அப்போதும் உள்ளே வரவில்லை. நான் முழங்காலில் இருந்து சுவிச்சைப் பார்த்தேன். பொட்டு வட்டமாக இருந்தது. தேங்காய்ச் சிரட்டையின் வாய் மாதிரி வட்டம். என் வாழ்நாளில் நான் வட்டமாய் எதையும் வைத்ததில்லை. மூக்கைக் கொண்டுபோனேன். கடைத் தூளின் காய்ந்த மணம் இல்லை. கல்லில் அரைத்த சந்தனம். கோயிலில் கொடுப்பது. வகுப்பு நடக்கையில் அந்த வாசம் பின்னால் வந்து நின்றால் திரும்பிப் பார்க்காமலே தெரியும், யாரென்று.

ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் என்னைப் பார்த்தா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வளவின் அந்தப் பக்கம் சேரின் வீட்டைப் பார்த்தோம்.

சேர் பின் விறாந்தையில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பற்றரி இல்லாத காலம். செய்தி கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்து மிதிக்க வேண்டும். மிதித்தால் உலகம் பேசும். நிறுத்தினால் ஊமை. சேர் வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தார்.

“சேர், ஒரு விசயம்.”

“சொல்லும், சொல்லும்.”

“விஜயதசமியண்டு ஆரோ பெட்டியைப் போட்டிருக்கினம்.”

மிதி தளர்ந்தது. செய்தி வாசித்தவர் குரல் கட்டினவர் மாதிரி இழுத்து இழுத்து ஒரு சொல்லின் நடுவில் செத்துப்போனார்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“அது தன்ரை பாட்டிலை ஒரு டயறி எழுதுது சேர்.”

சேர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். “ஆளின்ரை பேரும் எழுதுமோ?”

எழுதாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். என் குறும்பு விடவில்லை. “இன்னும் கடைசி வரைக்கும் வாசிக்கேல்லை சேர்.”

சேர் சைக்கிளை விட்டு இறங்கினார். நெற்றியில் சந்தனப் பொட்டு, அச்சொட்டான வட்டம், வியர்வையில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

“தம்பி, நான்தான்.”

நான் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லிக்கொண்டு போனார்.

“எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்சிருப்பன். ஊரெல்லாம் என்னைக் கொம்பியூட்டர் சேர் எண்டுது. எனக்கு அதிலை ஒரு எழுத்து அடிக்கத் தெரியாது. உங்களிட்டைக் கேக்க வெக்கம். நேத்து நல்ல நாள், கோயில் முழுக்கப் பிள்ளையள் ஏடு தொடக்குதுகள். நானும் தொடக்குவம் எண்டு நினைச்சன்.”

“கறண்ட்?”

“கோயில் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. லைற் போட வந்தவனைக் கொண்டு மதிலுக்கு மேலாலை ஒரு வயர் எடுத்தன்.”

எஞ்சின் அண்ணை இதைக் கேட்டால் அந்த இடத்திலேயே மயங்கி விழுவார். கோயில் ஜெனரேற்றரில் லைற்றெல்லாம் மூச்சு வாங்கித்தான் எரியும்.

“பிறகு சேர்?”

“சுவிச்சைப் போட்டன். என்னென்னவோ எழுத்து ஓடி நிண்டுது. ஏடு தொடக்கிறதெண்டா முதல் எழுத்துத்தானே? இங்கிலீசிலை ‘ஏ’ அடிச்சன். நீங்கள் அடிக்கடி அமத்துற அந்தப் பெரிய பொத்தானையும் அமத்தினன்.” குரல் இறங்கியது. “பிழையான கட்டளையாம் தம்பி. நல்ல நாளும் அதுவுமாய், முகத்திலை அடிச்சமாதிரிச் சொல்லிச்சுது. நான் பயந்துபோய் நிப்பாட்டிப்போட்டன். பொட்டும் வெடிச்சுப்போச்சு. கோயில் சந்தனத்தைக் கொண்டந்து வேறை வைச்சன்.”

“தாளைத் திறந்தனீங்களோ?”

“எனக்கெங்கை திறக்கத் தெரியும்? தாளைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு நேத்தையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கேல்லை. காலமை கதவடியிலை வந்து கேக்கேக்கை, நீர் ‘சூடேற வேணும்’ எண்டு சொன்னீர். அப்பவே முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன்.”

ஒரு கதவு. உள்ளே ஒருவன் வேலை போகப்போகிறது என்று நடுங்கிக்கொண்டு பொய் சொல்கிறான். வெளியே அவனுக்கு வேலை கொடுத்தவர் அதைவிட மோசமாய் நடுங்கிக்கொண்டு அந்தப் பொய்யை நம்புகிறார். அந்தக் கதவுக்கு வாயிருந்தால் சிரித்துச் செத்திருக்கும்.

வந்தது யார் என்று தெரிந்துவிட்டது. தாளின் கையெழுத்துப் பிரதியே அவரிடம்தான் வந்தது, களவு இல்லை. ஆனால் சட்டென்று சுவிச்சை அணைத்திருக்கிறார், அதுவும் கோயில் கறண்டில். கோப்பு உடைந்திருந்தால் மறுபடி அடிக்க நேரமில்லை. வெட்டுவது பாதியில் பிழையாய்ப் போனால் வேறு ஸ்ரென்சில் இல்லை. மத்தியானத்துக்கு அதிகம் இருக்கவில்லை.

மண்டபத்துக்கு ஓடிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சேர் ஒரு முழத்துக்குப் பதில் மூன்று முழம் தள்ளி நின்றார். ரீச்சர் வாசலில். சத்தத்துக்கு எஞ்சின் அண்ணையும் வந்து ரீச்சருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிளொப்பியைச் செருகினேன். கர்ர்ர் என்றது. நின்றது. வாசிக்க முடியவில்லை என்றது திரை.

“என்னவாம்?” என்றார் சேர்.

“செமிக்கேல்லையாம் சேர்” என்றேன்.

எடுத்தேன். ஊதினேன். மறுபடி செருகினேன். கர்ர்ர். இந்த முறை நிற்கவில்லை. ஒப்பிடும்படி சொன்னேன். கணினி ஒரு கோப்பை இங்கேயும் அங்கேயும் எழுத்துக்கு எழுத்து பார்த்துக்கொண்டு போனது. ஜெனரேற்றர் ஒருதரம் இருமியது. நான்கு பேருக்கும் அதோடு சேர்ந்து நெஞ்சு இருமியது. எஞ்சின் அண்ணை கொட்டிலுக்குப் பறந்தார்.

வித்தியாசம் எதுவும் இல்லை என்றது திரை.

“சேர், தாள் சுகமாயிருக்கு.”

சேர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். நான் அச்சியந்திரத்தின் நாடாவைக் கழற்றி, முதல் ஸ்ரென்சிலைச் செருகினேன். ஊசிகள் மெழுகைக் குத்தத் தொடங்கின. மாஸ்ரர் சைக்கிள் மணியை அடிக்கும்போது கடைசி ஸ்ரென்சிலின் கடைசிக் கேள்வி வெளியே வந்துகொண்டிருந்தது.

சோதினை நடந்தது. தாள்கள் பிள்ளைகளின் கைக்குப் போன அன்று பின்னேரம் ரீச்சர் மண்டபத்துக்குள் வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, “தூசி தட்டுறேல்லையோ உதிலை?” என்றா. தங்கைக்கு நல்ல புள்ளிகள் வந்தன. ஊர் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் பெரிய ஆறுதல், ஏனென்றால் ஊருக்கு முதல் நான் நினைத்துவிட்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சேர் என்னைத் தனியே பிடித்தார். “தம்பி, அந்த டயறியிலை உந்த ஒரு வரியை அழிக்க ஏலாதோ?”

“ஏலும் சேர். ஆனா நாளைக்கு உண்மையான கள்ளன் வந்தாலும் அழிக்கலாம் எண்டு எனக்குப் பழகிப்போடும்.”

அவர் யோசித்தார். ஆயுள் முழுக்கப் புள்ளிப் பதிவேட்டில் ஒரு எண்ணைத் திருத்த விடாத அதிபர். “அப்ப விடும்” என்றார்.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தேன். ஒருவருக்கும் சொல்லாமல், ‘ஏ’ என்று ஒரு சிறு கட்டளையைக் கணினியில் எழுதிவைத்தேன். அந்த எழுத்தை அடித்துப் பெரிய பொத்தானை அமத்தினால் இனி அது திட்டாது. காலை வணக்கம் சேர், அடுத்த எழுத்தை அடியுங்கோ என்று ஆங்கிலத்தில் சொல்லும்.

அடுத்த வருஷம் விஜயதசமிக்கு மறுநாள் மஞ்சள் துணியை எடுத்தேன். சுவிச்சில் பொட்டு வட்டமாக இருந்தது. நாட்குறிப்பில் நேற்றைய தேதி, வாக்கியத்தின் சுபநேரம். மதிலைப் பார்த்தேன், வயர் இழுத்த அடையாளம் இல்லை. ஜெனரேற்றர் கொட்டிலுக்குப் போய்க் கானைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் கரிக்கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

“அண்ணை, நேத்து இதை ஆர் ஓட்டினது?”

எஞ்சின் அண்ணை ஸ்பானரைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளத்தது.

“எனக்கென்ன தெரியும் தம்பி? பேயாயிருக்கும்.”